மாலை போட்ட நிழல்

மாயாபந்தர், அந்தமான்
20-1-2025

அன்புள்ள அண்ணிக்கு,

தேவி எழுதுகிறேன். பொங்கல் நல்லபடியாகக் கழிந்ததா? முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் அனுப்பிய தைலத்தைத் தேய்க்கிறீர்களா, இல்லை அது பாட்டிலோடு அலமாரியில் குந்திக்கொண்டிருக்கிறதா? இங்கே நானும் அவரும் சுகம். அவருக்குத்தான் சளி விடவே மாட்டேன் என்கிறது.

பார்சலைப் பிரித்ததும் "இதென்ன டப்பா?" என்று கேட்டிருப்பீர்கள். கேமரா அண்ணி, கேமரா! எங்கள் லாட்ஜில் தங்கிய ஒரு வெள்ளைக்கார அம்மா ஊருக்குக் கிளம்பும்போது கையில் திணித்துவிட்டுப் போனார். நாம் பாவாடை சட்டை போட்ட காலத்துச் சாமான். பொத்தானை அமுக்கினால் கர்ரென்று இரைந்து, வாய் வழியாகப் படத்தைத் துப்பும். முதலில் ஒன்றுமே இருக்காது. வெளிச்சம் படாமல் கவிழ்த்து வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் மெதுவாக ஆள் வெளியே வருவார். உங்கள் மாப்பிள்ளையை ஒன்று எடுத்தேன். இரண்டு பேரும் தலையோடு தலை முட்ட உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். மீசைதான் முதலில் வந்தது. நாங்கள் அவ்வளவு நெருக்கமாக உட்கார்ந்து எத்தனை வருசம் ஆகிறது தெரியுமா?

இதற்கு இப்போதும் ஃபிலிம் செய்து விற்கிறார்களாம். செல்போனில் ஆயிரக்கணக்கில் படம் வைத்திருக்கும் பிள்ளைகள் இந்த ஒற்றைப் படத்துக்காக அலைகிறார்கள். ஒரு பெட்டி போட்டு அனுப்பியிருக்கிறேன். ஒரு பெட்டியில் எட்டுப் படம்தான். பார்த்துச் செலவழியுங்கள்.

ஒரே ஒரு கண்டிஷன். எடுத்த படத்தை செல்லில் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பக் கூடாது. இதற்கு நெகட்டிவ் கிடையாது, இரண்டாவது பிரதி கிடையாது. அசலையே கவரில் போட்டுத் தபாலில் அனுப்ப வேண்டும். நீங்கள் பிடித்த இடத்தில் நான் பிடிக்க வேண்டும். அண்ணன் போனதிலிருந்து உங்கள் முகத்தை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. உங்கள் பெண் இனியா அனுப்புகிற போட்டோவில் எல்லாம் உங்கள் முதுகுதான் தெரிகிறது.

அன்புடன்,
தேவி

•

விருத்தாசலம்
18-2-2025

தேவிக்கு,

அண்ணி எழுதிக்கொண்டது. கேமரா வந்தது. தைலம் அலமாரியில்தான் இருக்கிறது, உன்னிடம் பொய் சொல்ல முடியாது. மாப்பிள்ளைக்குத் துளசியும் மிளகும் போட்டுக் கொடு. இனியா சேலத்து ஆஸ்டலில் இருந்து தினமும் போன் செய்து சாம்பாரைத் திட்டுகிறாள். நர்சிங் இரண்டாம் வருசம். பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது, வீட்டில் நானும் டிவியும்தான்.

படம் எடுத்த கதையைக் கேட்டால் நீ சிரிப்பாய். முதலில் எடுத்தது அத்தனையும் பாழ். அது நம்ம ஊர்க் கோளாறு. பீங்கான் பொம்மைக்கு நான் பூசுகிற நீலம், பூசும்போது சாம்பல் மாதிரிதான் இருக்கும். சூளைக்குள் போய் வெந்து வந்தால்தான் நீலமாகும். உன் கேமராவும் சாம்பலாகத்தான் துப்பியது. சூளை வேலை பார்க்கிறவர் ஒருவர், "கலர் வரணும்னா சூடு காட்டணும்மா. பச்சையா கைல வச்சிக்கினு பாத்துக்கினே இருந்தா வந்துடுமா?" என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. இருபது வருசமாகப் பார்க்கிற சங்கதி ஆயிற்றே. சூளை மேல்தளத்தில் கதகதப்பாக இருக்கும், அங்கே வரிசையாகக் கவிழ்த்து வைத்தாயிற்று. எடுத்துப் பார்த்தால் எல்லாம் மஞ்சளும் சிவப்பும். பிள்ளையார் பொம்மையை எடுத்தது பூசணிக்காய் மாதிரி இருந்தது. ஒன்று அப்பளமாகவே உப்பிவிட்டது.

அப்புறம்தான் உன் கடிதத்தை இன்னொரு தரம் படித்தேன். நீ எங்கேயும் சூடு என்று எழுதவில்லை. மிச்சப் படத்தில் ஒன்று எடுத்ததும் அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தோம். அது நன்றாக வந்திருக்கிறது. கொல்லையில், கைப்பம்பு பக்கத்தில் நிற்கிறேன். புடவை பழசுதான், கண்டுகொள்ளாதே.

எனக்குக் கடிதம் எழுத நீ ஒருத்திதான் இருக்கிறாய். அடிக்கடி எழுது.

இப்படிக்கு,
சிந்தாமணி

•

மாயாபந்தர்
5-3-2025

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் மாப்பிள்ளைக்குச் சளி போயிற்று, இருமல் வந்திருக்கிறது. மற்றபடி சுகம்.

கவரைப் பிரித்ததும் அரிசி வாசனை அடித்தது அண்ணி! நம் வூட்டு அரிசிப் பானை வாசனை. செல்போன் படத்தில் இது வருமா? அதற்குத்தான் சொன்னேன்.

படத்தில் பல் தெரியச் சிரிக்கிறீர்கள். நீங்கள் இப்படிச் சிரித்து நான் பார்த்தது இனியா பிறந்த அன்றைக்கு. என்னைப் பார்த்துக்கூட நீங்கள் இப்படிச் சிரித்ததில்லை, போங்கள்.

சரி, ஒன்று கேட்கிறேன். இதை எடுத்தது யார்? இந்த டப்பாவில் தானாக எடுக்கிற வசதியெல்லாம் கிடையாது. எதிரில் நின்று ஒருவர் பொத்தானை அமுக்க வேண்டும். இனியா சேலத்தில் இருக்கிறாள். வீட்டில் நீங்களும் டிவியும் என்கிறீர்கள். டிவி எழுந்து வந்து எடுத்ததா?

இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் காலடி வரைக்கும் தரையில் ஒரு நிழல் நீண்டு கிடக்கிறது. தலையில் முண்டாசு. இடது தோள் ஒரு பக்கமாகச் சரிந்திருக்கிறது. ஆம்பளை நிழல். உங்கள் மாப்பிள்ளையிடம் காட்டினேன். "பக்கத்து வூட்டுக்காரரு யாராச்சும் எடுத்திருப்பாரு, வுடு தேவி" என்கிறார். பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது என்று நீங்கள்தானே எழுதினீர்கள்? எனக்கு ஒன்றும் புரியவில்லை. பாத்திரம் கழுவும்போதுகூட அதே நினைப்பு. உடனே எழுதுங்கள்.

அன்புடன்,
தேவி

•

விருத்தாசலம்
26-3-2025

தேவிக்கு,

உன் கடிதம் வந்து நாளாயிற்று. மாசி மகத்துக் கூட்டத்தில் தபால், பஸ்ஸு எதுவும் சரியாக இல்லை. ஊரே பழமலைநாதர் கோயில் பக்கம்தான் இருந்தது. நானும் தேர் பார்த்தேன். உன் பேருக்கு ஒரு அர்ச்சனை செய்தேன். இருமலுக்கு மாப்பிள்ளையை டாக்டரிடம் காட்டு, கை வைத்தியம் போதாது.

இனியாவுக்குப் பரீட்சை. ஒரு சுற்று இளைத்துவிட்டாள்.

நிழலா? கொடியில் துண்டு காய்ந்துகொண்டிருந்தது, அதுவாக இருக்கும். இதற்கெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்ளாதே.

இன்னொரு படம் வைத்திருக்கிறேன். வேலை செய்கிற கொட்டகை. பலகையில் வரிசையாக நிற்பவை பிள்ளையார் சதுர்த்திக்கு வெளியூருக்கு ஏற்றுகிற பொம்மைகள், இன்னும் சூளைக்குப் போகவில்லை. அந்த மூலையில்தான் நான் உட்காருவேன். உன் அண்ணன் இருந்தபோதும் அதே மூலைதான்.

வெயில் ஏறிவிட்டது. தண்ணீர் நிறையக் குடி.

இப்படிக்கு,
சிந்தாமணி

•

மாயாபந்தர்
14-4-2025

என் அன்புள்ள அண்ணிக்கு,

புது வருசமும் அதுவுமாக எழுதுகிறேன். நாங்கள் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை, அப்படி ஒரு நிலையில் இருக்கிறேன்.

துண்டு நிழலுக்குத் தோள் இருக்குமா அண்ணி? கை இருக்குமா?

உங்கள் கொட்டகைப் படத்தை அந்த முதல் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உங்கள் மூலையில் ஸ்டூல் மேல் இரண்டு டீ கிளாஸ் இருக்கிறது. ஒன்று உங்களுடையது. இன்னொன்று யாருக்கு? அப்போதுதான் எனக்குச் சுரீரென்றது. நீங்கள் இன்னும் அண்ணனுக்கு டீ ஊற்றி வைக்கிறீர்கள். யாரிடமும் சொல்வதில்லை. என்னிடம்கூட.

அந்தத் தோளை எனக்குத் தெரியாதா? சூளைக்குப் பொம்மைப் பலகை சுமந்து சுமந்து சரிந்துபோன தோள். சின்ன வயதில் நான் மஞ்சள் பையை மாட்டிவிட்டு, அது வழுக்கி விழுவதைப் பார்த்துச் சிரித்த தோள். அது அண்ணன்தான் அண்ணி. அந்தக் கேமரா பழசு, அதற்குள் என்ன இருக்கிறதோ, ஏது இருக்கிறதோ. நீங்கள் கொல்லையில் தனியாக நிற்பதைப் பார்த்து எதிரில் வந்து நின்றிருக்கிறார். அதனால்தான் நீங்கள் அப்படிச் சிரித்தீர்கள். உங்களுக்குத் தெரிந்தும் என்னிடம் மறைக்கிறீர்கள். நான் பயந்துவிடுவேன் என்றுதானே? எனக்குப் பயமே இல்லை.

உங்கள் மாப்பிள்ளை என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார். பார்க்கட்டும். அந்தப் படத்தைப் பூஜை அலமாரியில் அண்ணன் படத்துக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டேன். வெள்ளை ஓரத்தில் குங்குமம் வைத்து, நிழல் இருக்கிற பக்கமாக மல்லிகைச் சரம் போட்டிருக்கிறேன். தினமும் விளக்கேற்றுகிறேன். நிம்மதியாக இருக்கிறது.

உங்கள்,
தேவி

•

விருத்தாசலம்
29-4-2025

தேவிக்கு,

நலம். மாலையை எடுத்துவிடு.

ஏன் என்று கேட்காதே. படத்தைப் பூஜை அலமாரியிலிருந்தும் எடுத்துவிடு. குங்குமத்தைத் துடைத்துவிடு. உன் பக்தியைக் குறை சொல்லவில்லை. அது அங்கே இருக்கக் கூடாது.

எழுத நேரமில்லை. இங்கே ஒருவருக்குக் கடும் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைகிறேன். இனியாவுக்கு ஒன்றுமில்லை, கவலைப்படாதே.

இந்தக் கடிதம் வந்த அன்றைக்கே எடுத்துவிடு தேவி. உனக்குப் புண்ணியமாகப் போகும்.

சிந்தாமணி

•

மாயாபந்தர்
20-5-2025

அண்ணிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் யார், காய்ச்சல் யாருக்கு என்று எழுதக்கூட உங்களுக்கு மனசு வரவில்லை. சரி.

மாலையை எடுக்க மாட்டேன். என் அண்ணனுக்கு நான் போட்ட மாலை. எடுக்கச் சொல்ல நீங்கள் யார்? இப்படி எழுதிவிட்டு அடித்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். அடிக்கவில்லை, இருக்கட்டும்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இரண்டு கிளாஸ் வைக்கிறீர்கள். படத்தில் அவரைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். நான் விளக்கேற்றினால் வேண்டாம் என்கிறீர்கள். அவர் உங்களுக்கு மட்டும்தான் வர வேண்டுமா? தங்கச்சிக்கு வரக் கூடாதா? இல்லை, மறந்துவிட்டுப் புது மனுசியாக இருக்கப் பார்க்கிறீர்களா? எது உண்மை? ஒருநாள் ஒன்று தோன்றுகிறது, மறுநாள் இன்னொன்று தோன்றுகிறது. ராத்திரி எழுந்து உட்கார்ந்துகொண்டு அழுகிறேன்.

ஒன்று மட்டும் முடிவு செய்துவிட்டேன். ஆடியில் அண்ணன் நினைவு நாள் வருகிறது. நம் ஊர்ப் பாலக்கரையில் பேனர் வைக்கப் போகிறேன். அந்த நிழலை மட்டும் பெரிசாக்கி, "எங்களை விட்டுப் போகாத பழமலைநாதன்" என்று அண்ணன் பேரோடு போடச் சொல்லப் போகிறேன். செல்லில் படம் பிடிக்கக் கூடாது என்றவள் நான்தான். இதற்காக மட்டும் பிடித்துக்கொள்கிறேன். பேனர் கடைக்காரர் நம்பர் வாங்கியாயிற்று. ஊரே பார்க்கட்டும்.

தேவி

•

விருத்தாசலம்
2-6-2025

என் தேவிக்கு,

சுகம் விசாரிக்கிற கடிதம் இல்லை இது. முழுசாகப் படி. பாதியில் கிழித்துப் போடாதே.

அந்த நிழல் உயிரோடு இருக்கிற மனுசனுடையது.

பேர் ஆதிநாராயணன். கருவேப்பிலங்குறிச்சிக்காரர். உன் அண்ணனும் அவரும் ஒரே சூளையில் சேர்ந்து பலகை ஏற்றினவர்கள். உன் அண்ணனுக்கு நெஞ்சு வலி வந்த அன்றைக்குத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினவர் அவர்தான், காரியத்துக்கு வந்தபோது நீ பார்த்திருப்பாய், மறந்திருப்பாய். அவர் மனைவி தவறிப் பல வருசம் ஆகிறது. பிள்ளை இல்லை. படத்தைச் சூளை மேல் வைக்கச் சொன்ன புத்திசாலியும் அவர்தான். கொல்லையில் கேமராவைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "எங்கம்மா வாயி, எங்கம்மா கண்ணு?" என்று அவர் தேடினதைப் பார்த்துத்தான் நான் அப்படிச் சிரித்தேன். இரண்டாவது டீ கிளாஸ் அவருடையது. காய்ச்சல் வந்ததும் அவருக்குத்தான்.

உனக்குத் தோள் எப்படி ஒத்துப்போனது தெரியுமா? பலகை சுமக்கிறவர்கள் எல்லோரும் இடது தோளில்தான் வைப்பார்கள். பொம்மை சாயாமல் பிடிக்க வலது கை வேண்டும். கொஞ்ச வருசத்தில் தோள் சரிந்துவிடும். எங்கள் தொழிற்பேட்டையில் சாயங்காலம் வேலை விட்டதும் கேட்டில் வந்து நின்று பார். போகிற நிழல் எல்லாம் உன் அண்ணன் நிழல்தான். உன் அண்ணன் போன புதிதில் நானும் எத்தனை தரம் ஏமாந்து பின்னாலேயே நடந்திருக்கிறேன்.

நீ மாலை போட்டிருக்கிறாய் என்று படித்ததும் எடுக்கச் சொல்லி உடனே எழுதினேன். அந்த வாரம்தான் அவர் காய்ச்சலில் விழுந்தார். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து உன்னை மனசாரத் திட்டினேன். தேறி வந்த பிறகு அவரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவரோ, "அண்ணனுக்குன்னு போட்ட மாலைம்மா. அதப் போயி நம்ம வாங்கிக்கிறதா? அவங்ககிட்ட வெவரத்தச் சொல்லிடு, பாவம்" என்றார். பேனர் வைத்தால் அவர் டீ குடிக்கிற கடைக்கு எதிரில்தான் அது நிற்கும்.

நாங்கள் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம். இனியாவுக்குத் தெரியும். முதலில் அழுதாள். அப்புறம், "அத்தகிட்ட சொல்லிட்டியாம்மா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். சொல்ல முடியாமல்தான் படமாக அனுப்பினேன் போலிருக்கிறது. நீயே பார்த்துக் கண்டுபிடித்துவிட்டு, "யாரு அண்ணி அவரு?" என்று கிண்டல் பண்ணுவாய் என்று நினைத்தேன். நீ உன் அண்ணனைப் பார்ப்பாய் என்று நினைக்கவே இல்லை.

உன்னிடம் அனுமதி கேட்கவில்லை தேவி. ஆனால் ஊர் என்ன பேசினாலும் தாங்குவேன், நீ பேசாமல் போனால் தாங்க மாட்டேன். எனக்கு அதுதான் பயம். அதனால்தான் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை.

சிந்தாமணி

•

விருத்தாசலம்
11-8-2025

தேவிக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். பதில் இல்லை. தபால்காரர் என்னைக் கண்டாலே தூரத்திலிருந்தே தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். போன் செய்தால் மாப்பிள்ளை எடுத்து, "நல்லாருக்குறா, தூங்குறா" என்கிறார். பகல் பதினோரு மணிக்கு நீ தூங்கி நான் பார்த்ததில்லை.

உன் அண்ணன் நினைவு நாள் அன்று காலையிலேயே பாலக்கரைக்குப் போனேன். பேனர் இல்லை. பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்கு வந்து எப்போதும் போலப் படையல் போட்டேன். கருவாட்டுக் குழம்பு, மொச்சைக்கொட்டை, நீ செய்கிற மாதிரி. அவர் வரவில்லை. "இன்னிக்கு அண்ணன் நாளு, நான் குறுக்க வரல" என்று சொல்லிவிட்டார்.

ஆவணியில் கொளஞ்சியப்பர் கோயிலில் கல்யாணம் வைத்திருக்கிறோம். கூட்டம் கூட்டவில்லை. இனியா வருவாள். கேமராவில் ஒரே ஒரு படம் மிச்சம் இருக்கிறது. அன்றைக்கு எடுக்கலாம் என்று இனியா சொல்கிறாள். எனக்கு எடுக்கப் பிடிக்கவில்லை. எடுத்து யாருக்கு அனுப்புவது?

அண்ணி என்று கூப்பிடாவிட்டாலும் பரவாயில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன் என்று ஒரு வரி எழுது.

சிந்தாமணி

•

மாயாபந்தர்
20-8-2025

அண்ணிக்கு,

சாப்பிட்டேன். தூங்கவில்லை.

இதோடு உங்கள் படம் வருகிறது. மாலையை எடுத்துவிட்டேன். நீங்கள் விவரம் எழுதிய கடிதம் வந்த அன்றைக்கே எடுத்தேன். சம்மதித்து எடுக்கவில்லை, அவர் உயிரோடு இருக்கிறார் என்பதால் எடுத்தேன். என் கையால் ஒரு மனுசனுக்குக் கெட்டது வர வேண்டாம். வெள்ளை ஓரத்தில் குங்குமக் கறை போகவே மாட்டேன் என்கிறது, தேய்த்துத் தேய்த்து விரல்தான் எரிந்தது. அவருக்கு உடம்பு தேவலாமா என்று எழுதுங்கள்.

எனக்குக் கோபமா, வெட்கமா என்றே தெரியவில்லை. யாரென்றே தெரியாத ஒருவர் நிழலிடம் நான் என்னென்னவோ பேசியிருக்கிறேன் அண்ணி. "ஏண்ணா என்னப் பாக்க வரவே இல்ல" என்று கேட்டிருக்கிறேன். மாலையை எடுத்த அன்றைக்கு அண்ணன் இரண்டாவது தரம் செத்துப்போனார். அதை யாரிடம் சொல்லி அழுவது? எப்போதும் உங்களிடம்தானே அழுவேன்? அதனால்தான் எழுதவில்லை.

அந்தக் கடைசிப் படத்தை யாரும் தொடக் கூடாது. இனியாவிடமும் சொல்லிவிடுங்கள்.

தேவி

•

மாயாபந்தர்
25-9-2025

அன்புள்ள அண்ணிக்கு,

தேவி எழுதுகிறேன். நல்லபடியாக வந்து சேர்ந்தேன். கப்பலில் இரண்டு நாள் வாந்தி. உங்கள் மாப்பிள்ளை இருமிக்கொண்டே வந்து பெட்டியை வாங்கினார். முழங்கால் எப்படி இருக்கிறது? கல்யாணத்தன்று கோயிலில் உட்கார்ந்து எழ நீங்கள் பட்ட பாட்டைப் பார்த்தேன். தைலம்!

அன்றைக்கு நான் சரியாகப் பேசவில்லை. தெரியும். ஆதிநாராயணன் அண்ணன் வந்து, "வாங்கம்மா, ரயிலு லேட்டா?" என்று கேட்டதற்கு, "ம்" என்று மட்டும்தான் சொன்னேன். அவர் நடந்து போனதைப் பின்னால் இருந்து பார்த்தேன். தோள் அப்படியே இருந்தது. ஆனால் திரும்பினார். திரும்பினால் வேறு முகம், பெரிய மூக்கு, நரைத்த புருவம். அவர் அவர்தான். அண்ணன் இல்லை. அந்த நிமிசத்துக்கு அப்புறம்தான் என்னால் அங்கே நிற்க முடிந்தது.

"எல்லாரும் தள்ளுங்க, நான்தான் எடுப்பேன்" என்று நான் சொன்னதும் நீங்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டீர்கள். பொத்தானை அமுக்கினேன், துப்பியது. இனியா, "அத்த, அத்த, பாக்கலாம்" என்று கையை நீட்டினாள். நான் படத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு ரயிலுக்கு நேரமாயிற்று என்று ஓடிவிட்டேன். ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது அண்ணி. படம் எழும்பி வருவதை உங்கள் எதிரில் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. என்ன வருமோ என்று பயம்.

உளுந்தூர்பேட்டை தாண்டித்தான் பையைத் திறந்தேன். வந்திருந்தது. அரக்குப் புடவையில், மாலையும் கழுத்துமாக நீங்கள். பக்கத்தில் அவர், ஏதோ பரீட்சைக்கு வந்த பையன் மாதிரி விறைப்பாக. நீங்கள் சிரிக்கிறீர்கள், என்னைப் பார்த்து. அந்தக் கொல்லைச் சிரிப்பேதான். எனக்கும் ஒன்று கிடைத்துவிட்டது.

அப்புறம் கீழே பார்த்தேன். படிக்கட்டில் உங்கள் இரண்டு பேர் காலையும் தொட்டுக்கொண்டு ஒரு நிழல் கிடந்தது. கேமராவைப் பிடித்த இரண்டு கை. இடது தோள் சரிந்து, சரிந்து, அண்ணன் தோள் மாதிரியே.

நான்தான் அது. இடது தோளில் ஊருக்குப் போகிற பையை மாட்டியிருந்தேன். இனியா திணித்த முறுக்கும், நீங்கள் கொடுத்த பீங்கான் ஜாடியும் அந்தப் பக்கமாக இழுத்திருக்கிறது. எல்லாம் தெரியும். இந்தத் தடவை நான் குழம்பவில்லை. ஆனாலும் அண்ணி, அண்ணன் உங்கள் கல்யாணத்துக்கு வந்துவிட்டார். ரயிலில் எதிரில் இருந்த அம்மா, "ஏம்மா அழுவுற?" என்று கேட்டார். படத்தைக் காட்டி, "எங்க அண்ணிக்குக் கல்யாணம்" என்றேன். அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

இதை டிவி மேல் வைத்திருக்கிறேன். மாலை இல்லை, குங்குமம் இல்லை. ஒரே படம்தான், பிரதி கிடையாது, அதனால் பங்கு போட்டுக்கொள்வோம். தை வரைக்கும் என்னிடம் இருக்கட்டும். பொங்கலுக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன். ஆடி வரைக்கும் நீங்கள் வைத்திருந்துவிட்டுத் திருப்பி அனுப்புங்கள். ஃபிலிம் இன்னொரு பெட்டிக்குச் சொல்லியிருக்கிறேன். ஆதிநாராயணன் அண்ணனிடம் சொல்லுங்கள், சூளைப் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்
தேவி